வாசகர் மாற்றிக்கொள்ளும் இரண்டு தீம், எனக்கு மட்டும் மூன்றாவது: வேர்ட்பிரஸில் எப்படி?

வலைக்குருவி:
என்ஜின்எக்ஸ் சர்வரில் வேர்ட்பிரஸ் 6. வாசகர்கள் இரண்டு தீம்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்வு குக்கியில் பதிவாகிறது. இப்போது எழுதிக்கொண்டிருக்கும் சைல்டு தீம் (இன்னொரு 'தாய்த்' தீமை அடிப்படையாகக் கொண்டது), லாகின் செய்த அட்மினுக்கு மட்டும் தெரிய வேண்டும். நிபந்தனையை தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் எழுதினால் எடுபடவில்லை. பிளகினாக (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்) எழுதினால் பாதிப் பக்கம் பழைய தீமில் வருகிறது.

தறி:
ஃபங்ஷன்ஸ் கோப்பு ஏறும்போது எந்தத் தீம் என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும். 'எம்யூ-பிளகின்ஸ்' ஃபோல்டரில் தனிக் கோப்பாகப் போடுங்கள், ஆக்டிவேட் செய்யத் தேவையில்லை. பயனரின் அனுமதியை அந்தக் கோப்பின் முதல் வரியிலேயே சோதிக்காதீர்கள். அதற்கான ஃபங்ஷன்கள் எல்லாப் பிளகின்களுக்கும் பிறகுதான் ஏறும், அதனால் ஃபேட்டல் எரர் வரும். 'பிளகின்ஸ் லோடட்' ஹூக்குக்குள் (பிளகின்கள் ஏறி முடிந்ததும் இயங்கும் இடம்) வையுங்கள்.

பாதி பாதியாக வருவதற்குக் காரணம், ஒரே ஃபில்டரை (வேர்ட்பிரஸ் எடுக்கும் மதிப்பை இடையில் மாற்றும் வசதி) மாற்றியிருப்பீர்கள். 'டெம்ப்ளேட்' ஃபில்டருக்குத் தாய்த் தீமின் ஃபோல்டர் பெயர், 'ஸ்டைல்ஷீட்' ஃபில்டருக்குச் சைல்டு தீமின் ஃபோல்டர் பெயர். இரண்டும் வேண்டும்.

அட்மின் திரைகளில் மட்டும் இதை இயக்கவே கூடாது. விட்ஜெட் (சைடுபாரில் வைக்கும் சிறு பெட்டி) பட்டியல் எல்லாத் தீமுக்கும் பொது. புதுத் தீமோடு விட்ஜெட் திரையைத் திறந்தால், அதில் இல்லாத சைடுபாரின் விட்ஜெட்கள் 'செயலற்றவை' பகுதிக்குப் போய்விடும், வாசகர் பார்க்கும் தளத்திலும் காணாமல் போகும். மெனு இடங்கள் தீமுக்குத் தீம் தனி என்பதால் புதியதில் காலியாக இருக்கலாம். எழுதி முடிக்கும்வரை மெனுவின் பெயரை நேராகக் கொடுத்து அழையுங்கள்.

மின்மினி:
கேஷையும் (சர்வர் சேமித்து வைத்துத் தரும் பக்க நகல்) பாருங்க. என்ஜின்எக்ஸில் 'பைபாஸ்' மட்டும் போட்டால், லாகின் செய்தவருக்குக் கேஷிலிருந்து எடுத்துத் தராது, அவ்வளவுதான். அவருக்காக உருவான பக்கத்தைச் சேமிப்பதைத் தடுக்காது. அதற்கு 'நோ கேஷ்' வரியும் வேண்டும். வேர்ட்பிரஸ் அனுப்பும் 'சேமிக்காதே' ஹெடரை 'இக்னோர் ஹெடர்ஸ்' வரியால் ஒதுக்கியிருந்தால், உங்கள் ரகசியத் தீம் அடுத்து வரும் வாசகருக்கு அப்படியே போகும்.

வாசகர் தேர்வுக்கு, கேஷ் சாவியில் (எந்த நகல் என்று அடையாளம் காணும் பெயர்) குக்கி மதிப்பும் சேர வேண்டும். ஆனால் குக்கியில் வருவதை அப்படியே சேர்த்தால் யாராவது ஆயிரம் விதமான மதிப்பு அனுப்பி கேஷை நிரப்புவார்கள். என்ஜின்எக்ஸின் 'மேப்' பகுதியில் அனுமதித்த இரண்டு பெயர் தவிர மற்றதெல்லாம் இயல்புத் தீம் என்று சுருக்குங்க. பிளகினிலும் அதே பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்க. இல்லாவிட்டால் ரகசியத் தீமின் ஃபோல்டர் பெயரை ஊகித்தவர் அதைக் குக்கியில் எழுதியே அந்தத் தீமைப் பார்த்துவிடுவார்.

வலைக்குருவி:
இரண்டு ஃபில்டரும் போட்டதும் பக்கம் முழுசாக வந்துவிட்டது, நன்றி. ஆனால் 'மேலும் காட்டு' பொத்தான் மட்டும் 400 பிழையும் வெறும் 0-உம் தருகிறது.

தறி:
அது அட்மின் அஜாக்ஸ் கோப்பு (பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் தரவு வாங்கும் வழி) வழியாகப் போகிறது. வேர்ட்பிரஸ் கணக்கில் அதுவும் அட்மின் திரைதான், ஆகவே அங்கே பொதுத் தீமே ஏறுகிறது, உங்கள் ஃபங்ஷன் அதில் இல்லை. அந்த ஃபங்ஷனைத் தீமிலிருந்து எடுத்து எம்யூ-பிளகின்ஸ் கோப்பிலேயே வையுங்கள்.

நூல்கண்டு:
பொதுத் தீம் இரண்டுக்கும் நிறம், எழுத்துரு மட்டும்தான் வித்தியாசம் என்றால் அவற்றை இரண்டு தீமாக வைத்திருப்பதே வீண் வேலை. ஒரே தீம், சிஎஸ்எஸ் மாறிகள், தேர்வு லோக்கல் ஸ்டோரேஜில் (வாசகரின் பிரவுசரிலேயே). கேஷில் ஒரே பக்கம் போதும். அந்தத் தேர்வைப் படிக்கும் நாலு வரி ஸ்கிரிப்டை ஹெட் பகுதியிலேயே வைக்கணும், இல்லாவிட்டால் ஒரு கணம் பழைய நிறம் மின்னும்.

இன்னொன்று: இந்த முறையில் பக்கம்தான் மறையும். தீம் ஃபோல்டரில் உள்ள படங்களும் சிஎஸ்எஸ்ஸும் முகவரி தெரிந்த எவருக்கும் திறக்கும். வாடிக்கையாளரின் புது லோகோ போன்ற எதுவும் அதில் இருந்தால் கடவுச்சொல் போட்ட ஸ்டேஜிங் (சோதனை) தளத்துக்குப் போய்விடுங்கள்.