சைக்கிள் பிளாஷ் லைட்டால பிட்ஸ் வருமா?

திருவையாறு பக்கம் நான். அக்கா பையனுக்கு பிட்ஸ் இருக்கு, மாத்திரை ஓடுது. டியூஷன் முடிஞ்சு இருட்டுல ஆத்தங்கரை ரோட்ல வரானேன்னு சைக்கிளுக்கு மினுக்குற லைட் வாங்குனேன், அக்கா அதப் பாத்தே வந்துடும்ங்குது, நெசமா?

— பிட்ஸ் உள்ளவங்கள்ல சுமாரா 100க்கு 3 பேருக்குதான் வெளிச்சம் ஆகாது தம்பி. செகண்டுக்கு 3லேர்ந்து 30 தடவ மின்னுனா ரிஸ்க், 15-25 ரொம்ப மோசம். மெதுவா மினுக்குறது பெருசா ஒண்ணும் பண்ணாது, படபடன்னு அடிக்குற மோடு மட்டும் வேணாம். ஈஈஜி (மூளை அலை டெஸ்ட்) எடுக்கறப்ப லைட் அடிச்சு பாத்தாங்களா?

— எனக்கும் மின்னுற வெளிச்சத்தால பிட்ஸ் வரும், ஆனா லைட்ட விட கல்லணை ரோட்ல பஸ் ஜன்னல் சீட்டுதான் ஆகாது, தென்னமரம் வரிசையா போக போக சாயங்கால வெயில் வெட்டி வெட்டி மூஞ்சில அடிக்கும். கண்ண மூடுனா பத்தாது, ஒரு கண்ண உள்ளங்கையால நல்லா பொத்திக்கணும்.

— ஈஈஜில லைட் அடிச்சு பாத்தாங்கண்ணே, அதுல ஒண்ணுமில்லன்னாங்க. இருந்தாலும் மினுக்காம நின்னு எரியுற மோட்லயே வெச்சிடறேன், அக்கா வாய அடைக்கணுமே.