மூளையால் இயங்கும் ரோபோ கை மாமாவுக்குக் கிடைக்குமா?

கூடலூர்வாசி:
சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறிய மாமா விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, இப்போது கை கால் இரண்டும் அசைவதில்லை. நினைத்தாலே நகரும் ரோபோ கை பற்றி வீடியோ பார்த்ததிலிருந்து அதே பேச்சுதான். இங்கே வாங்க முடியுமா?

குன்னூர்க்காரன்:
கடையில் கிடைக்காதுங்க, இன்னும் ஆராய்ச்சிதான். பிரெயின்கேட் என்ற ஆராய்ச்சிக் குழுவினர் 2012-இல் காட்டினார்களே, பக்கவாதம் வந்த அம்மா ஒருவர் ரோபோ கையால் பாட்டிலை எடுத்து காபி குடித்தார், அது நிஜம். தண்டுவடம் அடிபட்டாலும் கையை அசைக்க நினைக்கும்போது மூளையில் சிக்னல் எழுகிறது, கீழே போகும் வழிதான் அறுந்திருக்கிறது. மண்டையைத் திறந்து 96 மின்முனை கொண்ட சில்லைப் பதித்து, அந்த சிக்னலைக் கணினி படிக்கிறது. வீடியோவில் காட்டாதது, தலையிலிருந்து வெளியே வரும் வயரும் பக்கத்திலேயே நிற்கும் ஆட்களும்.

மசினகுடி அக்கா:
தம்பி, அது வரும்போது வரட்டும். முதலில் படுக்கைப்புண் வராமல் பாருங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும். வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வு மையம் பாகாயத்தில் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

கூடலூர்வாசி:
சரிங்க அக்கா. மண்டையைத் திறக்கணும் என்றதும் மாமா, "முதல்ல போனைப் பேசியே இயக்கக் கத்துக்கொடு" என்கிறார்.