மாசச் செலவை 23 வகையாப் பிரிச்சு எழுதி அலுத்துப்போச்சு, லேசான வழி இருந்தாச் சொல்லுங்க

கல்லடி டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுச் செலவு ஒழுங்கா எழுதுற ஆக்கள் இஞ்ச இருந்தா ஒரு கை குடுங்க. நான் தொடங்கித் தொடங்கி விட்டது ரெண்டு தரம். இது மூண்டாவது.

முதல் தரம் 2022ல. காஸ் வரிசை, பெற்றோல் வரிசை எண்டு நிண்ட காலம். ஒரு சீ.ஆர். கொப்பியில கோடு போட்டு எழுதினன். மூண்டாம் மாசம் பாத்தா, கொப்பிட பின்பக்கத்தில இருந்து மகன் நெடும்பிரித்தல் கணக்குச் செய்து செய்து நடுவுக்கு வந்திட்டான். மறுகா ஒரு ஆப். அது வங்கியில இருந்து வாற எஸ்.எம்.எஸ்.ஸ வாசிச்சுத் தானே கணக்குப் போடுமாம். எங்கட வீட்டில முக்கால்வாசிச் செலவு கைக்காசு. மீன்காரர் எஸ்.எம்.எஸ். அனுப்புறல்லயே.

இப்ப போன்ல கூகுள் ஷீட். வகை மட்டும் 23 வெச்சிருக்கன். மீன், இறைச்சி, மரக்கறி, பால்மா, பலசரக்கு, சவர்க்காரம், காஸ், கரண்ட், தண்ணி, போன் ரீலோட், வகுப்புக் காசு, வான் காசு, கொப்பி பென்சில், மருந்து, கோயில், கடைசியா "இதர". மிச்சத்த எழுதினா நீங்களும் அலுத்துப்போவீங்க.

போன சனிக்கிழமை நடந்ததச் சொல்லுறன். கூட்டுறவுக் கடையில சாமான் எடுத்தம். பில்லில 17 உருப்படி, 6,840 ரூபா. ராவைக்கு இருந்து பிரிக்கிறன். பருப்பு பலசரக்கு. சவர்க்காரம் சவர்க்காரம். பேனை ரெண்டு படிப்பு. நுளம்புத்திரிக்கு வந்து நிண்டுட்டன். மருந்தா, வீட்டுச் சாமானா? நுளம்பு கடிச்சு டெங்கு வந்தா மருந்து, வராட்டி வீட்டுச் சாமான் எண்டு எனக்கு நானே வழக்காடி, முப்பது நிமிசம் போச்சு. எங்கட இவர் எட்டிப் பாத்திட்டு, "என்ன, விடைத்தாள் திருத்துறியா?" எண்டார். அந்த மாசம் கூட்டிப் பாத்தா வகுப்புக் காசுக்கு அடுத்த பெரிய வகை "இதர", 14,300. அப்ப 23 வகை எதுக்கு?

இன்னும் ரெண்டு சிக்கல். எனக்குச் சம்பளம் 20ஆம் திகதி. இவருக்கு வயரிங் வேலை. வேலை இருக்கிற நாள் காசு, அது சேட்டுப் பொக்கற்றோட வந்து சேட்டுப் பொக்கற்றோட போகும். அரிசி வாங்கிறல்ல, கொக்கட்டிச்சோலைப் பக்கம் அப்பாட வயல் நெல்லு வரும். அதையும் செலவா எழுதணுமா?

வாவிக்கரை

டீச்சர், நான் கச்சேரியில, அதுதான் மாவட்டச் செயலகத்தில, கணக்குப் பகுதியில கனகாலம் இருந்து ஓய்வெடுத்த ஆள். உங்கட 23 வகையைப் பாத்ததும் பழைய செலவுத் தலைப்புப் பட்டியல் ஞாபகம் வந்து கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்திச்சு. ஆனா வீட்டுக்கு அது கூடாது.

முதல்ல மாசத்த மாத்துங்க. உங்கட மாசம் 1ஆம் திகதி தொடங்கிறல்ல, 20ஆம் திகதி தொடங்குது. 20 தொடக்கம் அடுத்த 19 வரை ஒரு மாசம் எண்டு எழுதினா, ஒரு சம்பளத்துக்கு ஒரு செலவு நேருக்கு நேர் நிக்கும். இப்ப நீங்க செய்யிறதில 1 தொடக்கம் 19 வரைக்கும் பழைய சம்பளம், பிறகு புதுச் சம்பளம். எது எதுக்குள்ள போச்சு எண்டு பிரமனுக்கும் விளங்காது.

கடையில கொப்பியில எழுதிக் கடனுக்குச் சாமான் எடுக்கிறீங்களா? எடுத்தா, எடுத்த அண்டைக்கு எழுதாதீங்க. காசு குடுத்துக் கணக்கு முடிக்கிற அண்டைக்கு ஒரே வரியில எழுதுங்க. ரெண்டு தரமும் எழுதித்தான் பலபேர் "இவ்வளவு செலவா" எண்டு நெஞ்சில கை வைக்கிற.

சீட்டுக் காசு செலவில்ல. அது உங்கட காசு, இன்னொராள்ட கையில இருக்கு, அவ்வளவுதான். நகை அடகு வெச்சிருந்தா வட்டி செலவு, முதல் செலவில்ல. சீட்டையும் முதலையும் தனி ஒரு பக்கத்தில போடுங்க, செலவோட கலக்க வேணாம்.

வயல் நெல்லு பற்றி. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வீட்டு வருமான செலவினக் கணக்கெடுப்பு எடுக்கக்குள்ள, சொந்த விளைச்சல்ல சாப்பிடுறதுக்கும் ஒரு பெறுமதி போட்டுத்தான் எழுதும். அது நாட்டுக் கணக்கு. உங்களுக்கு வேணாம். நெல்லுக் குத்துற கூலியும் மூட்டை கொண்டுவாற ஆட்டோக் காசும் எழுதினாப் போதும். அப்பாக்கு ஒரு பெருநாள் பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் குடுங்க, அதையும் எழுதுங்க.

கரண்டுக்கு மட்டும் ரூபாவோட அலகையும் எழுதுங்க. 2022 ஆகஸ்டுக்குப் பிறகு கட்டணம் எத்தனை தரம் ஏறி இறங்கினது எண்டு உங்களுக்கே தெரியும். ரூபா குறைஞ்சா நாம சிக்கனமா இருந்தம் எண்டு அர்த்தமில்ல. 60 அலகுதான் எல்லை; அதைத் தாண்டினா முதல் அலகில இருந்தே வேற விலை, நிலையான கட்டணமும் கூடும். 58லயும் 63லயும் வித்தியாசம் அஞ்சு அலகு, பில்லில பாத்தா அப்பிடித் தெரியாது.

மருதமுனை ராத்தா

டீச்சர், வாவிக்கரைக் காக்கா செல்லுற எல்லாம் சரிதான், ஆனா உங்கட நுளம்புத்திரிக்கு அவர் பதில் செல்லல்லயே.

பில்லப் பிரிக்காதீங்க. என்ட வழி அதுதான். சாமானப் பாத்து வகை போடாம, காசு யார்ர கையில போகுது எண்டு பாத்துப் போடுங்க. கூட்டுறவுக் கடையில 6,840 குடுத்தா "கடை 6,840". உள்ளுக்கு நுளம்புத்திரி இரிந்தா என்ன, பேனை இரிந்தா என்ன. மீன்காரர்ர கைக்குப் போனா "மீன்". வகுப்பு சேருட கைக்குப் போனா "புள்ளைகள்". முடிஞ்சிது.

எங்கட உம்மா இதை டின்னில செஞ்ச. மில்க்மெய்ட் டின் அஞ்சு. வாப்பா நெசவு முடிச்சுக் காசு குடுத்தா டின்னுக்கு டின் போடுவா. மீன் டின் முடிஞ்சா அண்டையில இரிந்து பருப்பும் முட்டையும்தான். நான் டின் வைக்கல்ல, கொப்பியில அஞ்சு கோடு போட்டிருக்கன்.

ஒரு வகை வைக்கலாமா வேணாமா எண்டு சந்தேகம் வந்தா ஒண்டு கேட்டுப் பாருங்க. இதுர தொகையப் பாத்திட்டு அடுத்த மாசம் நான் ஏதும் மாத்துவனா? சவர்க்காரத்தில நீங்க என்னத்த மாத்தப்போறீங்க, குளிக்காம இருக்கவா? அப்ப அது தனி வகையா என்னத்துக்கு.

மத்தது, எங்கட பக்கம் நோன்பு மாசச் செலவ அதுக்கு முந்தின மாசத்தோட வெச்சுப் பாத்தா தலைதான் சுத்தும். பேரீச்சம்பழம், கஞ்சி, பெருநாளுக்கு உடுப்பு. போன வருச நோன்போடதான் இந்த வருச நோன்பப் பாக்கணும். அதுவும் வருசத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வந்திரும், மாசப் பேரப் பாத்து ஏமாறாதீங்க. உங்களுக்கு ஆடி அமாவாசை மாமாங்கத் திருவிழா இரிக்கில்லயா, அதையும் போன வருசத் திருவிழாவோடதான் பாக்கணும்.

திருக்கோவில் பொடியன்

டீச்சர், ஷீட்டை விட வேணாம், எழுதுற விதத்த மாத்துங்க. வகைப் பெயரக் கையால அடிக்கிறீங்க எண்டு நினைக்கிறன். வகை நிரலுக்கு ட்ராப் டவுன் போட்டு, பட்டியல்ல இருந்து தெரிவு செய்யிற மாதிரி வையுங்க. இல்லாட்டி "மரக்கறி" ஒண்டு, "மரக்கரி" ஒண்டு, கடைசியில இடைவெளி விழுந்த "மரக்கறி" ஒண்டு எண்டு மூண்டு பிறக்கும். தமிழில இன்னொரு கூத்து இருக்கு. "போக்குவரத்து" எண்டதில வாற "போ"ட ஓகாரத்த சில விசைப்பலகை ஒரே குறியாப் போடும். பழைய பாமினி எழுத்துருவில இருந்து மாத்தின எழுத்தில சிலநேரம் இரட்டைக் கொம்பு தனி, அரவு தனி. கண்ணுக்கு ஒண்டு, கம்பியூட்டர் ரெண்டு எண்டு எடுத்தாலும் எடுக்கும்.

கூட்டுறதுக்குச் சூத்திரம் ஒண்டும் எழுத வேணாம். திகதி, வகை, தொகை, மூண்டு நிரல் போதும். மேல பிவட் டேபிள் போட்டா வகை வகையாக் கூட்டித் தரும்.

அண்ணரையும் சேர்க்கணும் எண்டா ஒரு கூகுள் ஃபோர்ம் செய்து, அவர்ர போன் முகப்பில அந்த இணைப்ப வையுங்க. அமத்தி, வகை, தொகை, அனுப்பு. நேரா ஷீட்டுக்குள்ள விழும். அனுப்பின நேரம் தானாப் பதியும், ஆனா செலவழிச்ச திகதி எண்டு தனியா ஒரு கேள்வியும் வையுங்க. ஆக்கள் மூண்டு நாள் கழிச்சுத்தான் அனுப்புவாங்க, எனக்கு வீட்டில அனுபவம்.

படுவான்கரை

மாசம் மாசம் எண்டு எல்லாரும் சொல்லுறீங்க. எங்கள மாதிரி வயல்காரருக்கு மாசம் இல்ல, மாரிப்போகமும் சிறுபோகமும்தான். வெட்டு முடிஞ்சு நெல்லு வித்த கையோட உரக் கடைக் கடன், மெசின் கூலி, அடகு வெச்ச சங்கிலி எல்லாம் கழிச்சு மிஞ்சினத அடுத்த வெட்டு வரைக்கும் பிரிக்கணும். நான் மிஞ்சினத ஆறால பிரிச்சு, மாசத்துக்கு ஒரு பங்க மட்டும் வீட்டுக்காரிட கையில குடுக்கிற. அதுக்குள்ள அவ என்ன வகை போடுறா எண்டு நான் கேக்கிறல்ல. கேட்டா மீன் வராது.

கல்லடி டீச்சர்

ஒன்றரை மாசம் கழிச்சு வாறன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

இப்ப ஏழு வகைதான். கடை, மீன் மரக்கறி, பில், பிள்ளையள், போக்குவரத்து, சடங்கு, அவர். "அவர்" எண்டது என்ன எண்டா, கிழமைக்கு இவ்வளவு எண்டு கையில குடுத்திருவன், அதுக்குப் பிறகு கேள்வி இல்ல. ஃபோர்ம் போட்டுக் குடுத்தன் தம்பி, ரெண்டு நாள் அனுப்பினார், மூண்டாம் நாள் தொகையில போன் நம்பரை அடிச்சு அனுப்பிட்டார். அண்டைக்கு எங்கட வீட்டுச் செலவு எழுபது கோடிக்கு மேல. படுவான்கரை அண்ணன் சொன்ன வழிதான் சரிவந்திச்சு.

ராத்தா, நுளம்புத்திரி கடைக்குள்ள போயிட்டு. கூட்டுறவுக் கடைப் பில் எழுத இப்ப பத்து செக்கன் காணும். காஸ் சிலிண்டர்ல மாட்டின திகதிய மாக்கரால எழுதி வெச்சிருக்கன், 12.5 கிலோ எங்களுக்கு எத்தனை நாளைக்கு வருது எண்டு பாக்க. மாமி அதைப் பாத்திட்டு எனக்கு ஆரோ கண்ணூறு கழிக்க எழுதித் தந்தது எண்டு நினைச்சுட்டா.

20க்கு மாத்தினதும் ஒரு விசயம் தெரிஞ்சிது. நான் இவ்வளவு காலமும் மாசக் கடைசியில காசு முடியுது எண்டு நினைச்சன். இல்ல. முதல் அஞ்சு நாளுக்குள்ள வகுப்புக் காசு, வான் காசு, பில், கடைக் கொப்பி எல்லாம் போய், பாதிக்கு மேல முடிஞ்சிருது. பிறகு வாற நாள்ல மிச்சம் பிடிச்சு என்ன செய்யிற. மிச்சம் பிடிக்கிறதெண்டா அந்த அஞ்சு நாள்லதான் பிடிக்கணும். மகளுக்கு ரெண்டு இடத்தில கணிதம் போகுது, ஒண்டை நிப்பாட்டுவமா எண்டு யோசிக்கிறம். ஓ.எல். வருசம், அதால இன்னும் வாய் திறக்கல்ல.

ரீலோட் 19 தரம், 2,350 ரூபா. நூறு நூறாப் போனதால ஒருத்தருக்கும் தெரியல்ல. பழைய ஷீட்டில ரீலோட்டுக்குத் தனி வகையே இருந்தது, ஆனா ஒருநாளும் எழுதினல்ல. எல்லாம் "இதர"க்குள்ள.

"இதர"வைத் தூக்கிட்டன். அதுக்குள்ள பெரும்பங்கு இருந்தது என்ன தெரியுமா, சடங்கு. இந்தத் தரம் ஒரு மாசத்துக்குள்ள மட்டும் ரெண்டு சாமத்திய வீடு, ஒரு கலியாணம், ஒரு 31ஆம் நாள். கவருக்குள்ள வெச்சது, போட்டுப்போன சாறிக்குச் சட்டை தைச்ச கூலி, ஆட்டோ, எல்லாம் சேத்து 17,600. இதை எப்பிடிக் குறைக்கிற எண்டு எனக்குத் தெரியல்ல. ஊருக்குள்ள இருந்துகொண்டு போகாம இருக்க ஏலுமா?

வாவிக்கரை

குறைக்க ஏலாது டீச்சர். ஆனா ஆர் உங்களுக்கு எவ்வளவு வெச்ச எண்டு ஒரு பட்டியல் வெச்சிருந்தா, கூட்டிக் குடுக்காமத் தப்பலாம். மகள்ட சடங்குக் கொப்பி இருக்கா?

கல்லடி டீச்சர்

கொப்பி இல்ல. மாமிட்டக் கேட்டன். ஷீட்டும் வேணாம் ஃபோர்மும் வேணாம், மாமி பாக்கு வெட்டிக்கொண்டே சொல்லுறா: "சின்னவள் ரெண்டாயிரம், ஆரையம்பதியாள் ஆயிரமும் ஒரு குத்துவிளக்கும், மூத்தவன்ட பொண்டாட்டி வெறுங்கவர்." நான் எழுதிக்கொண்டிருக்கன். இன்னும் முடியல்ல.