ஜாயின் போட்டுத் தேடினா ஒரே பார்ட்டி ஆறு தடவை வருது: உங்க அனுபவம்?

மஞ்சக்குப்பம்:
கடலூர்ல முந்திரி மொத்த வியாபாரி ஒருத்தரோட பில்லிங் சாஃப்ட்வேர் இப்ப என் கைக்கு வந்திருக்கு. யாரோ எழுதினது, டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல். "பாண்டி"ன்னு அடிச்சா பார்ட்டி பேரு, டெலிவரி அட்ரஸ், ஃபோன் நம்பர் பக்கத்துல இருக்கற குறிப்பு எல்லாத்துலயும் தேடணும். மூணு டேபிளையும் லெஃப்ட் ஜாயின் போட்டு ஒட்டி, எழுத்துப் பொருத்தித் தேட லைக் வச்சிருக்காங்க. ஒருத்தருக்கு அட்ரஸ் ரெண்டு, நம்பர் மூணுன்னா ஒவ்வொரு அட்ரஸும் ஒவ்வொரு நம்பரோட சேர்ந்து தனி வரியாகும். பாண்டியன்னு பேர் இருக்கறவர் ஆறு வரியா வந்து நிக்கறார். பேர்ல இல்லாம ஒரே ஒரு அட்ரஸ்ல மட்டும் பாண்டி இருந்தா மூணு வரி. பக்கத்துக்கு 20ன்னு லிமிட், ஆனா திரையில நாலே பேர்!

கீழ பாக்கித் தொகை கூட்டல் வேற. 5,000 ரூபா பாக்கி 30,000ன்னு காட்டுது. "இவ்ளோ பணம் வெளிய நிக்குதா"ன்னு ஓனருக்கு ஒரே குஷி.

வில்லியனூர்:
டிஸ்டிங்ட் போட்டா தீரும்னு யாராவது வருவாங்க, கேக்காதீங்க தம்பி. வரி முழுசும் அச்சா ஒண்ணா இருந்தாத்தான் அது கழிக்கும். செலக்ட்ல, அதாவது எடுக்கற ஃபீல்டு பட்டியல்ல, அட்ரஸும் நம்பரும் இருக்கற வரைக்கும் ஆறு ஆறுதான். எங்க ஆபீஸ்ல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். டிஸ்டிங்ட்டோட, செலக்ட்ல இல்லாத ஃபீல்டை வரிசைப்படுத்தற ஆர்டர் பைல போட்டா எரர் அடிக்கும். ஒரு சீனியர் எரர் போகணும்னு அந்த ஃபீல்டையும் செலக்ட்ல சேர்த்தார். எரர் போச்சு, டூப்ளிகேட் திரும்ப வந்துச்சு. கூட்டல் போடற சம்முக்குள்ள டிஸ்டிங்ட் இன்னும் மோசம்: ரெண்டு பார்ட்டிக்கும் 5,000 பாக்கின்னா ஒண்ணை முழுங்கிடும்.

மஞ்சக்குப்பம்:
ஆமாண்ணா, அதான் ஜாயினையே தூக்கிட்டேன். ஃப்ரம்ல பார்ட்டி டேபிள் மட்டும். அட்ரஸுக்கு ஒரு எக்ஸிஸ்ட்ஸ், நம்பருக்கு ஒரு எக்ஸிஸ்ட்ஸ், நடுவுல ஆர் (இதுவோ அதுவோ). "இந்தப் பார்ட்டிக்கு பாண்டின்னு ஒரு அட்ரஸாவது இருக்கா?" அவ்ளோதான் கேள்வி. ஒண்ணு கிடைச்சாலே போதும், மிச்சத்தைப் பாக்க வேண்டியதில்ல. லிமிட்டும் கூட்டலும் தானா சரியாச்சு.

காலாப்பட்டு:
எந்த அட்ரஸ்ல மாட்டுச்சுன்னு காட்டணும்னா? எங்க கஸ்டமர் முத்தியால்பேட்டை கடையா, நெல்லித்தோப்பு கடையான்னு கேப்பார். நான் செலக்ட்ல சப்கொயரி (உள்ளுக்குள்ள இன்னொரு தேடல்) வச்சு, மாட்டின அட்ரஸையெல்லாம் ஒரே வரியாக் கோக்க குரூப்_கான்கேட் போட்டேன். ஒண்ணு கவனிங்க: மைஎஸ்கியூஎல்ல அது வழக்கமா 1024 பைட்ல வெட்டிடும், எரர் கிடையாது, வார்னிங்தான். "டி" ஒண்ணே 6 பைட், தமிழ் அட்ரஸ்னா சீக்கிரமே தீந்துடும். அந்த பைட் லிமிட்டை ஏத்திக்கோங்க.

வில்லியனூர்:
டேபிள் பெருசாகி ஆர் இழுக்க ஆரம்பிச்சா, பேரு, அட்ரஸ், நம்பர்னு பார்ட்டி ஐடி மட்டும் மூணு செலக்ட்ல எடுத்து, டூப்ளிகேட்டைக் கழிச்சு ஒண்ணாச் சேர்க்கற யூனியன் பண்ணிப் பாருங்க தம்பி. யூனியன் ஆல் வேணாம், அது கழிக்காது.