இரண்டு எல்இடிகளின் வெளிச்சத்தைச் சரியாக ஒப்பிடுவது எப்படி?

கேள்வி:
படிக்கட்டில் பதிப்பதற்காகச் சிறு விளக்கு வரிசை ஒன்றைச் செய்துவருகிறேன். அதற்கென 5 மி.மீ. அளவில் இரண்டு வகை வெள்ளை எல்இடிகளை வாங்கினேன். ஒன்றின் தரவுத்தாளில் 10,000 மில்லிகேண்டெலா, ஒளிக்கோணம் 15 டிகிரி என்றும், மற்றதில் 1,000 மில்லிகேண்டெலா, 60 டிகிரி என்றும் உள்ளது. இரண்டுக்கும் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமே கொடுத்தேன். கைப்பேசியின் லக்ஸ் செயலி (ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியை லக்ஸ் அலகில் அளப்பது), முதல் எல்இடிக்கு 20 செ.மீ. தொலைவில் ஏறத்தாழ 240 லக்ஸ் காட்டியது, 40 செ.மீ.க்கு நகர்த்தியதும் அது 60 ஆகிவிட்டது. ஆனால் இருட்டறையில் கூரையை நோக்கி எரியவிட்டால், பத்து மடங்கு வலியது என நான் எண்ணிய முதலாவதைவிட இரண்டாவதே அறையைச் சற்று நன்றாகக் காட்டுகிறது. பிழை அளவீட்டில் உள்ளதா, என் புரிதலில் உள்ளதா?

பதில் 1:
உங்கள் அளவீடு சரியே. தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும் என்ற எதிர்த்தகவு இருமடி விதியைத்தான் 240, 60 என்ற எண்கள் காட்டுகின்றன. ஆகவே தொலைவைக் குறிப்பிடாத லக்ஸ் அளவைக் கொண்டு எந்த விளக்கையும் மதிப்பிட முடியாது.

கேண்டெலா என்பது ஒரு குறிப்பிட்ட திசையில் செல்லும் ஒளியின் செறிவு. எல்லாத் திசைகளிலும் வெளிவரும் மொத்த ஒளியை அளப்பது லூமென். 15 டிகிரிக் கூம்பின் திண்மக்கோணம் (ஒளி விரியும் முப்பரிமாணக் கோணம், அதன் அலகு ஸ்டெரேடியன்) ஏறத்தாழ 0.054 ஸ்டெரேடியன் என்பதால், 10,000 மில்லிகேண்டெலாவை, அதாவது 10 கேண்டெலாவை, அதனால் பெருக்கினால் 0.54 லூமென்தான் கிடைக்கும். 60 டிகிரிக் கூம்புக்கு அது 0.84 ஸ்டெரேடியன், அங்கே 1 கேண்டெலாவே 0.84 லூமென் தருகிறது. கூம்புக்கு வெளியேயும் ஓரளவு ஒளி சிதறும் என்பதால் இவை தோராயமான கணக்குகளே; இருப்பினும் உங்கள் கண் கண்டதை விளக்க இவை போதும். மில்லிகேண்டெலா எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டு, கோணத்தைச் சொல்லாமல் விடும் விற்பனைக் குறிப்புகளை நான் ஒருபோதும் நம்புவதில்லை.

பதில் 2:
மொத்த ஒளியை ஆய்வகங்களில் உட்புறம் வெண்பூச்சுள்ள கோளத்திற்குள் வைத்து அளப்பார்கள். வீட்டில், உள்ளே பளபளப்பில்லாத வெள்ளை பூசிய அட்டைப்பெட்டி ஒன்று அதற்கு ஓரளவு ஈடாகும். கைப்பேசியின் உணரிக்கு மட்டும் ஒரு துளை விட்டு, எல்இடியின் ஒளி உணரியின் மேல் நேரடியாக விழாதபடி இடையில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். பெட்டி முழுமையான கோளம் அன்று என்பதால், குறுகிய கற்றையுள்ள எல்இடியை வெவ்வேறு சுவர்களை நோக்கித் திருப்பி அளந்து சராசரி எடுப்பது அவசியம்.

பதில் 3:
இரண்டையும் ஒரே அளவு நேரம் எரியவிட்டு, எண் நிலைபெற்ற பிறகே குறித்துக்கொள்ளுங்கள். சூடேறச் சூடேற எல்இடியின் ஒளி குறையும். வெவ்வேறு நிறங்களை ஒப்பிடக் கைப்பேசி ஏற்றதன்று. மனிதக் கண் 555 நானோமீட்டர் பச்சை ஒளியையே மிகுதியாக உணர்கிறது. 650 நானோமீட்டர் சிவப்பை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உணர்கிறது. கைப்பேசி உணரி இந்த வேறுபாட்டை அப்படியே பின்பற்றுவதில்லை.

கேள்வி கேட்டவர்:
பெட்டி செய்து, பத்து நிமிடம் எரியவிட்டு, நான்கு சுவர்களுக்கும் சராசரி எடுத்தேன். முதலாவது 31, இரண்டாவது 50 லக்ஸ். படிகளுக்கு 60 டிகிரி எல்இடிகளையே பதிக்கப்போகிறேன். மூவருக்கும் நன்றி.