ஜெர்மனி ராணுவக் கடன்: அந்த 1 சதவீதம் எதற்கு?

தொப்பூர் கணவாய்:
நேற்று ஓசூர்க்காரர் ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததும் காபி இறங்கவில்லை. “ஜெர்மனி 2025ல் சட்டத்தைத் திருத்தி, ராணுவத்துக்கு ஜிடிபியில் 1 சதவீதம்தான் கடன் வாங்கலாம் என்று கட்டிப்போட்டது” என்கிறார். தலைகீழ்! ராணுவச் செலவில் ஜிடிபியின் 1 சதவீதம் வரையிலான முதல் பகுதி மட்டும்தான் 2009ல் போட்ட கடன் வரம்பின் கணக்கில் வரும். அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஓசூர் லேத்:
ஒருவர் என்ன ஒருவர், நான்தான் அண்ணா. சட்டத்தில் 1 சதவீதம் இருக்கிறதா, இல்லையா?

தொப்பூர் கணவாய்:
இருக்கிறது. ஆனால் அது வாசற்படி, கூரை இல்லை. அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். புது நாடாளுமன்றம் கூடுவதற்குள் பழைய உறுப்பினர்களை வைத்தே மார்ச் 18ல் நிறைவேற்றினார்கள். 513 பேர் ஆதரவு, 207 பேர் எதிர்ப்பு. கடனை இறுக்கவா தம்பி இத்தனை அவசரம்?

ஓசூர் லேத்:
513ஐ யார் கேட்டது? 1 இருக்கிறதா?

மாங்கூழ்:
நம் நாட்டு நிதிப் பொறுப்புச் சட்டத்திலும் தேசப் பாதுகாப்பு, போர் என்றால் பற்றாக்குறை இலக்கை அரை சதவீதம் வரை மீறலாம் என்று இருக்கிறது. அதைப் பேசலாமே சார்?

தொப்பூர் கணவாய்:
அரை அப்புறம். முதலில் 1.

ஓசூர் லேத்:
போன மாதம் பத்து மைக்ரான் கூடிவிட்டது என்று என் பட்டறையில் கடைந்த புஷ் மொத்த லாட்டும் திரும்பி வந்தது. எனக்கு 1 என்றால் 1தான்.

தொப்பூர் கணவாய்:
டிராயிங்கில் இருப்பது மினிமமா மேக்ஸிமமா என்று பார்க்காமல் கடைந்தால் திரும்பித்தான் வரும்.

ஓசூர் லேத்:
பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஓசூர் இருக்கிறது, சேலம் இருக்கிறது, நடுவில் தர்மபுரி இல்லை. அந்த எரிச்சல்தானே அண்ணா?

தொப்பூர் கணவாய்:
2004ல் மாவட்டத்தைப் பிரித்தபோதே சிப்காட்டையும் சேர்த்துத் தூக்கிப்போனீர்கள். எங்களுக்கு மிஞ்சியது கணவாயும், பிரேக் பிடிக்காத லாரிகளும். ஜெர்மனியும் அதே லாரிதான், 1 சதவீதம் தாண்டினால் பிரேக் கிடையாது.

மாங்கூழ்:
மாவட்டப் பிரிவினையை ஏன் சார் இழுக்கிறீர்கள்? கிருஷ்ணகிரிக்காரன் நான் சும்மாதானே இருந்தேன்?

ஓசூர் லேத்:
“இருக்கிறது” என்று மேலே அண்ணனே எழுதியிருக்கிறார். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.