விளக்கைப் போட்டால் திசை மாறுகிறது: மேக்னட்டோமீட்டரை எங்கே வைப்பது?

வணக்கம் நண்பர்களே. நான் கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்தில் டிஜிட்டல் திரை பொருத்தியிருக்கிறேன். ரோட்டாக்ஸ் 912 இன்ஜின், எஃகுக் குழாய் உடல். மற்ற அளவுகள் எல்லாம் சரி. லேண்டிங் லைட்டைப் போட்டதும், மேக்னட்டோமீட்டர் (பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசையறியும் உணரி) தரும் திசை மட்டும் 15 டிகிரி விலகுகிறது, அணைத்தால் திரும்பிவிடுகிறது. அசையாத இரும்பின் பாதிப்பைக் காலிபரேஷன் ஈடுகட்டிவிடும். வந்து போகும் மின்னோட்டத்தை அதனால் ஈடுகட்ட முடியாது. அதனால் வயரிங் மேல்தான் சந்தேகம்.

இப்போது விளக்கின் எர்த் உடல் குழாய் வழியாகவே திரும்புகிறது. தனி எர்த் கம்பி இழுத்து, பவர் கம்பியோடு முறுக்கிக் கொண்டுபோனால் போதுமா? இல்லை, மேக்னட்டோமீட்டரையே இறக்கை நுனிக்கு மாற்றிவிடலாமா? அப்படி மாற்றியவர்கள், ஏலரானின் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதி) எஃகு பாகங்கள் தொந்தரவு தந்தனவா என்று அவசியம் சொல்லுங்கள். முதல் பறப்புக்கு முன் இதை முடித்தாக வேண்டும். வயரிங் வரைபடம் வேண்டுமென்றால் போடுகிறேன்.